மலை ரயில் எதுவரை?

ஆசிரியருக்கு,

கோடை விடுமுறையில் ஊட்டி மலை ரயில் டிக்கெட்டுக்கு இருக்கும் கிராக்கி பற்றிய செய்தியைப் படித்தேன். கூட்டத்தைவிட உறுத்துவது சுற்றுலா விளம்பரங்கள்தான். 2005-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற இந்தப் பாதையின் தனிச்சிறப்பே, கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு நீராவி இன்ஜின் ஏறுவது. எங்கள் தெருக்காரர்கள் குழுவாகப் போனபோது சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் அந்த ஏற்றம் முழுவதையும் பஸ்ஸிலேயே கடத்திவிட்டு, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் டீசல் இன்ஜின் இழுத்த ரயிலில் உட்கார வைத்தார்கள். அதுவும் அழகான பாதைதான், சரி; ஆனால் பணம் வாங்கும்போது யாரும் இதைச் சொல்லவில்லை.

பஸ் எதுவரை, ரயில் எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையம் வரை என்பதை விளம்பரத்திலும் ரசீதிலும் அச்சிட வேண்டும் எனச் சுற்றுலாத் துறை விதி வகுக்கலாம்.

- வாசகர், ஈரோடு