திங்களும் வியாழனும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள்: நம் ஜெப ஆலய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குழுவினருக்கு, ஷாலோம்.

யூதர்களாகிய நம் ஓய்வுநாளான ஷப்பாத் (சனிக்கிழமை) காலையில் நம் ஜெப ஆலயத்தில் உட்கார இடம் கிடைப்பதில்லை. நம் மதகுருவான ரபியின் உரையை எல்லோரும் ஆர்வமாகக் கேட்கிறோம். அப்புறம் அடுத்த ஷப்பாத் வரை பெரும்பாலான வீடுகளில் யாரும் நம் வேதமான தோராவைத் திறப்பதில்லை. இதை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

தோரா இல்லாமல் மூன்று நாள் கழியக் கூடாது என்றுதான் திங்களும் வியாழனும் சுருளை எடுத்து வாசிக்கும் வழக்கத்தை முன்னோர் ஏற்படுத்தினார்கள். நாமோ மூன்று பேரை அழைத்து, பத்துப் பன்னிரண்டு வசனம் வாசித்து, சுருளைப் பேழைக்குள் வைத்த கையோடு வேலைக்குப் பறக்கிறோம். வாசித்தது என்ன என்று வாசலில் கேட்டால் பலருக்கும் சொல்லத் தெரியாது.

அந்த இரண்டு நாளும் வழிபாடு முடிந்ததும் 20 நிமிடம் படிப்புக்கு ஒதுக்குங்கள். இன்னொரு சொற்பொழிவு வேண்டாம். இருவர் இருவராக உட்கார்ந்து, வாய்விட்டு வாசித்து, கேள்வி கேட்டு வாதாடும் ஹவ்ருதா முறைதான் வேண்டும். எபிரேயத்தில் தடுமாறுபவர்களுக்காக மொழிபெயர்ப்புள்ள பதிப்புகளை வாங்கி வையுங்கள். காலையில் வர முடியாத பெற்றோருக்கு மாலையில் ஒரு நேரம் கொடுங்கள்.

பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில், பாவா மெட்ஸியா என்ற பகுதியின் இரண்டாம் அதிகாரத்தில் தொடங்கலாம். சிதறிக் கிடக்கும் காசு கண்டெடுத்தவருக்கே சொந்தம். பணப்பையோடு கிடந்தால் ஊரறிய அறிவிக்க வேண்டும். மூன்று நாணயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தாலும் அறிவிக்கத்தான் வேண்டும். ஏன்? இந்த ஒரு கேள்வியில் 20 நிமிடம் போவதே தெரியாது. ஒன்பதாம் அதிகாரம் கூலியைப் பற்றிப் பேசுகிறது. பகலில் உழைத்தவர் அன்றிரவு முழுவதும் தன் கூலியைக் கேட்டு வாங்கலாம். காலையில் இதைப் படித்தவர், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் "சம்பளம் நாளைக்கு" என்று அன்று மாலையே சொல்ல மாட்டார் என்று நம்புகிறேன்.

மிஷ்னாவும் அதன் மீதான விவாதங்களும் அடங்கிய தால்முதைத் தினமும் படிக்கும் டாஃப் யோமியில் சேரச் சொல்லலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 1923இல் வியன்னாவில் ரபி மேயிர் ஷபீரோ முன்வைத்த அற்புதமான திட்டம் அது. தினம் ஒரு தாள், மொத்தம் 2,711 தாள், ஏழரை ஆண்டு. முடிப்பவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் புதிதாக வருகிறவருக்கு அந்த வேகம் மூச்சு முட்டும். அவருக்கு முதலில் பிடிப்பு வரட்டும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் ஏது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். "நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன் என்று சொல்லாதே, கிடைக்காமலே போகலாம்" என்று பண்டைய யூத ஞானி ஹில்லெல் அன்றே எச்சரித்தார். உக்ரைனில் உள்ள பெர்டிச்சிவ் ஊரின் விறகுவெட்டிகள் மிஷ்னா படிப்பதற்கென்றே ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதன் முத்திரை பதிந்த புத்தகம் ஒன்று நியூயார்க்கில் உள்ள யிவோ என்ற யூத ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. நாளெல்லாம் கோடரி பிடித்தவர்களுக்கு நேரம் இருந்திருக்கிறது.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். மேசை போடவும் புத்தகங்களை எடுத்து வைக்கவும் நான் முன்கூட்டியே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் சபை உறுப்பினர்