விடுதி ஃப்ரிட்ஜை ராத்திரியில் அணைக்காதீர்கள்

பெண்கள் விடுதியும் பிஜியும் நடத்துகிற அக்கா, அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். வாடகை, தண்ணீர், வைஃபை பற்றிய புகார் இல்லை இது. முட்டை விஷயம்.

வேலைக்குப் போகிற பெண்கள் பலர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வாரத்துக்கான முட்டையை மொத்தமாக அவித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறார்கள். மெஸ்ஸில் பொங்கல் போட்டாலும் உப்புமா போட்டாலும் கூட ஒரு முட்டை இருக்கும். முழுதாக வெந்த முட்டை, ஓடு உரிக்காமல், 4 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் ஒரு வாரம் தாங்கும். ஆனால் அந்தக் குளிர் விட்டுவிட்டு வந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

சில விடுதிகளில் ராத்திரி 11 மணிக்கு ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்துவிட்டு, காலையில் சமையல்காரம்மா வந்துதான் போடுகிறார். கரண்ட் பில் பயம் புரிகிறது. ஆனால் மின்சாரம் இல்லாத ஃப்ரிட்ஜ், கதவைத் திறக்காமலே இருந்தாலும், சுமார் 4 மணி நேரம்தான் உள்ளே இருப்பதைப் பத்திரமாக வைத்திருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் தண்ணீர் பாட்டில் எடுக்கத் திறந்தால் அதுவும் கிடையாது. அப்புறம் விடியும்வரை கிருமிகளுக்கு வசதிதான்.

“கடையில் முட்டை வெளியில்தானே அடுக்கியிருக்கிறது, அவித்தது மட்டும் கெட்டுவிடுமா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பச்சை முட்டையின் ஓட்டுக்கு மேலே மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. வெள்ளைக்கருவில் கிருமியை எதிர்க்கும் லைசோசைம் என்ற புரதமும் உண்டு. அவிக்கும்போது பூச்சு போய்விடும், புரதமும் வலுவிழக்கும். ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் இருக்கின்றன. அதனால் அவித்த முட்டைதான் சீக்கிரம் கெடும். உரித்து வைத்தால் இன்னும் மோசம். கையிலிருந்து ஒட்டுகிற ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற கிருமி, குளிர் குறைந்த நேரத்தில் பெருகி நஞ்சை விட்டுவிட்டால், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. வாடையும் வராது.

கரண்ட் செலவு என்ன ஆகும் என்று நீங்களே பார்க்கலாம். ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். 365-ஆல் வகுத்தால் ஒரு நாள் கணக்கு. அதிலும் ராத்திரி அணைத்ததில் ஒரு பகுதியை, காலையில் கம்ப்ரஸர் விடாமல் ஓடித் திருப்பி வாங்கிவிடும்.

சரி, எங்கள் பக்கமும் சொல்ல வேண்டும். அவித்த முட்டையைப் பாத்திரத்திலேயே மறந்துவிட்டுத் தூங்கப் போகிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. 2 மணி நேரத்துக்குள் உள்ளே போயாக வேண்டும். 32 டிகிரியைத் தாண்டும் சித்திரை வெயிலில் 1 மணி நேரம்தான். கதவிலுள்ள முட்டைத் தட்டு, ஃப்ரிட்ஜிலேயே குளிர் குறைந்த இடம். மூடிபோட்ட டப்பாவில் உள் தட்டில் வைக்க வேண்டும். முட்டைக் குழம்பு, தொக்கு எல்லாம் 3, 4 நாளுக்கு மேல் வேண்டாம். கரு வழியும் முட்டையை அப்போதே சாப்பிட்டுவிடலாம், சேர்த்து வைக்க வேண்டாம். (மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் இருக்கிறதென்று தூக்கி எறிகிறவர்களுக்கு: அது அதிக நேரம் அவிந்ததால் இரும்பும் கந்தகமும் சேர்ந்து வந்த நிறம், தாராளமாகச் சாப்பிடலாம்.)

உங்களிடம் கேட்பது இதுதான். சுவிட்சை அணைக்காதீர்கள். உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டர் வையுங்கள். குமிழில் இருக்கும் 1, 2, 3 எல்லாம் டிகிரி கிடையாது. கதவில் ஒரு மார்க்கரைக் கட்டித் தொங்கவிட்டால் டப்பா மேல் தேதி போட்டுவிடுவோம். வாரம் ஒருமுறை, தேதி தாண்டியது யாருடையதாக இருந்தாலும் குப்பையில் போட வார்டனுக்கு உரிமை கொடுங்கள். சண்டைக்கு வர மாட்டோம். தெர்மாமீட்டர் வாங்கக் காசு போட வேண்டுமென்றால் அதற்கும் தயார்.

இப்படிக்கு,
விடுதிவாசி ஒருத்தி