ஒட்டின கல்லைப் பிரித்தோம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம். முழங்கால் வலியை நேரில் பேசிக்கொள்வோம், எனக்கும் அதே கதைதான்.

சிங்க் பக்கத்துக் கல்லை எடுக்க சமையல் மேடையையே உடைக்க வேண்டும் என்று கொத்தனார் சொன்னதாக எழுதியிருக்கிறாய். தயவுசெய்து சம்மதிக்காதே. போன மாதம் எங்களிடமும் அதையேதான் சொன்னார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து அப்பா இறக்கிய கறுப்புக் கல் அது, உனக்கு நினைவிருக்கும். அம்மா சப்பாத்தி தேய்த்துத் தேய்த்து ஓரிடம் மட்டும் தனியாக மின்னும். உடைக்க மனசு வரவில்லை. நானும் மகனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து பிரித்தெடுத்தோம்.

இரண்டு கல்லும் சேரும் ஜாயிண்டில் இருப்பது சிமெண்ட் என்றுதான் நினைத்திருந்தேன். ஊசியால் கீறினால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்கியது. அரால்டைட் என்ற எபாக்ஸிப் பசையில் கல்தூளைக் குழைத்து அடைத்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் பசை 60, 70 டிகிரிச் சூட்டிலேயே விறைப்பு விட ஆரம்பிக்கும். கல்லுக்கு அது ஒரு சூடே இல்லை. ஆனால் ஒரே இடத்தில் காட்டினால் கல் விரிசல் விடும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னை ஒரு சாண் நீளத்துக்கு முன்னும் பின்னுமாக ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கல் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும், பழைய ஹாக்சா பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றி மெதுவாக இழுத்தேன். முதலில் அசையவில்லை. அப்புறம் கறுப்பாக, நூல் நூலாக வெளியே வந்தது பார், அந்த நிமிஷம் எனக்கு உயிரே திரும்பின மாதிரி இருந்தது. நாலு அங்குலம் பிரிய அரைமணி ஆனது. அவசரப்படாதே.

தொடங்கும் முன் சிலிண்டரையும் அடுப்பையும் வெளியே எடுத்துவிடு, ஜன்னலைத் திறந்து வை. கல் அறுக்கும் கிரைண்டர் வைத்து அறுத்துவிடலாம் என்பார்கள், வேண்டாம். பிளேடு கல்லையும் சேர்த்துத் தின்னும். அந்தத் தூசியில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குப் பெரிய கேடு.

ஜாயிண்ட் முழுக்க விட்ட பிறகுதான், அடியில் தாங்குகிற கடப்பாக்கல்லோடு ஒட்டியிருக்கும் ஒயிட் சிமெண்டைச் சுரண்டி மர ஆப்பு கொடுக்க வேண்டும். முன்கூட்டியே நெம்பினால் சிங்க் ஓட்டைக்கு முன்னால் இருக்கும் ஒல்லிப் பகுதி பட்டென்று போய்விடும். அந்த இடத்தில் ஒரு ரீப்பர் கட்டை, அதாவது நீளமான மரச் சட்டம், வைத்துக் கட்டிக்கொள். 18 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு நாலரை முதல் ஐந்து கிலோ வரும், ஆள் மூன்று பேராவது வேண்டும். தூக்கும்போது படுக்கையாகத் தூக்காமல் நெட்டுக்குத்தாக நிமிர்த்திக் கொண்டுபோக வேண்டும்.

விளிம்பில் மிச்சமிருக்கும் பசையைப் பிளேடால் சுரண்டிவிட்டு, கல் நன்றாக ஆறின பிறகு அசிட்டோனால் துடை. சூடாக இருக்கும்போது அந்த பாட்டிலைப் பக்கத்திலேயே கொண்டு வராதே, குப்பென்று பற்றிக்கொள்ளும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் ஹீட் கன்னோடு நானே வருகிறேன். அதுவரை மேடையில் கை வைக்க வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொல்லிவை. தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் மாப்ள