ஜிக்கோவா, ஆஸ்திரியாவா? இத்தாலியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

வெளிநாட்டு வீரர்கள் பெருகியதால்தான் தேசிய அணி கெட்டுப்போனது என்ற பேச்சு உங்கள் நாட்டில் ஓய்வதே இல்லை. 2018, 2022 என அடுத்தடுத்து இரண்டு உலகக் கோப்பைகளுக்குத் தகுதி பெறாதபோதும் அதே பாட்டுதான். மறுபடி யாராவது கதவைச் சாத்தலாம் என்று கிளம்பினால், முடிவெடுக்கும் முன் 1983 கோடையில் உதினேயில் நடந்ததை ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

உதினே சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் ஊர். வடகிழக்கு மூலை, எல்லைப் பக்கம். 1976 நிலநடுக்கத்தில் உதினேயைச் சுற்றியுள்ள ஃப்ரியூலி பகுதியே நொறுங்கிப் போய், ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான உயிர்கள் போயின. ஏழு வருடம் கழித்து அந்த ஊர் கிளப்பான உதினேசே, பிரேசிலின் ஃபிளமெங்கோ கிளப்பிடமிருந்து அந்நாட்டு வீரர் ஜிக்கோவை 600 கோடி லீராவுக்கு வாங்கியது. முப்பது வயது, தென்னமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபெர்தடோரெஸ் கோப்பையை வென்றவர், டோக்கியோவில் இங்கிலாந்தின் லிவர்பூலை 3-0 என்று சாய்த்த அணியின் நாயகன். ஊர் தன் காதையே நம்பவில்லை.

நீங்களும் நம்பவில்லை. பணம் வரும் வழி சரியில்லை என்று ஒப்பந்தத்தை நிறுத்தினீர்கள். தலைநகர் கிளப் ரோமா வாங்கிய பிரேசில் வீரர் செரெசோவுக்கும் அதே கதிதான், ஆகவே சின்ன ஊர் என்பதற்காக மட்டும் தடுத்தீர்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்கைக் கேட்பது உங்கள் வேலை. ஆனால் உதினே மக்களுக்கு அது கணக்காகத் தெரியவில்லை. தெருவில் இறங்கினார்கள். 'ஜிக்கோவா, ஆஸ்திரியாவா' என்று எழுதிப் பிடித்தார்கள். 1866 வரை அந்த மண் ஆஸ்திரியாவிடம் இருந்தது. ஜிக்கோவைத் தராவிட்டால் பழைய வீட்டுக்கே போய்விடுகிறோம் என்று அர்த்தம். பாதி கேலி, பாதி நிஜக் கோபம். கடைசியில் இத்தாலிய ஒலிம்பிக் குழு தலையிட்ட பிறகுதான் வழி பிறந்தது.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். செப்டம்பர் 11, முதல் ஆட்டம், எதிரணி ஊரான ஜெனோவாவில். 5-0. அதில் இரண்டு கோல் ஜிக்கோவுடையது. பெனால்டி பகுதிக்கு வெளியே ஃப்ரீ கிக் கிடைத்தால் அரங்கமே எழுந்து நிற்கத் தொடங்கியது. பந்து தடுப்புச் சுவருக்கு மேலே ஏறும், கோல்கீப்பர் வெளியே போகிறது என்று நினைக்கும் நேரத்தில் சட்டென்று இறங்கும். இந்த ஃப்ரீ கிக்கை எப்படித் தடுப்பது என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து விவாதம் நடத்தினார்கள். பழைய வீடியோக்களை நானும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்; எனக்கும் விடை தெரியவில்லை.

அதற்கு முந்தைய வருடம் உலகக் கோப்பையில், பார்சிலோனாவில் உங்கள் தடுப்பாட்டக்காரர் ஜென்டிலே, ஜிக்கோவின் சட்டையையே கிழித்துத்தான் அவரைக் கட்டிப்போட்டார். உங்கள் முதல்தர லீகான சீரி ஆ முழுக்க அப்படிப்பட்ட தடுப்பாட்டக்காரர்கள். அந்த லீகில் 24 ஆட்டங்களில் 19 கோல் அடிக்கிறார் ஒரு மிட்ஃபீல்டர். அதிக கோல் அடித்தவர் என்று உங்கள் ஏட்டில் இருப்பது யுவென்டஸின் பிரெஞ்சு வீரர் பிளாட்டினி: 28 ஆட்டம், 20 கோல். ஒரே ஒரு கோல் வித்தியாசம்! ஐரோப்பிய வீரர்களுக்கு மட்டும் என்றிருந்த, ஆண்டின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து விருதும் ஜிக்கோவுக்கு எட்டாத உயரம்.

கோப்பை வந்ததா? இல்லை. காவ்சியோ, விர்டிஸ், எடின்ஹோ எல்லாரும் இருந்தும் அணி ஒன்பதாவது இடம்தான். அடுத்த சீசன் காயமும் தடையுமாகப் போக, 1985இல் அவர் ஃபிளமெங்கோவுக்கே திரும்பினார். இதைச் சொல்லி என்னை மடக்கலாம். ஆனால் அந்த ஒரு வருடத்தை உதினேக்காரர் யாரிடமாவது விலை பேசிப் பாருங்கள், தெரியும்.

சரி, இன்றைக்கு வருவோம். 1966இல் வட கொரியாவிடம் தோற்றதும் வெளிநாட்டவருக்குக் கதவை மூடினீர்கள், 1980இல்தான் திறந்தீர்கள். அந்த இடைவெளியில் 1968 ஐரோப்பியக் கோப்பையை வென்றீர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 2010 உலகக் கோப்பையில், நியூசிலாந்தும் இருந்த பிரிவில் கடைசி இடம் பிடித்ததும் என்ன செய்தீர்கள்? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கிளப்புகள் அழைத்துவரும் வீரர்களின் எண்ணிக்கையை இரண்டிலிருந்து ஒன்றாக வெட்டினீர்கள். அடுத்த வருடமே மறுபடி இரண்டாக்கினீர்கள்.

இந்த வெட்டு யாரைக் குத்துகிறது? எண்ணிக்கை வரம்பு, வெளிநாட்டிலிருந்து நேராக வருபவருக்குத்தான். ஏற்கெனவே இத்தாலியில் ஆடும் பிரேசில்காரரை இன்னொரு கிளப்பிடமிருந்து வாங்க அது குறுக்கே வராது. காசுள்ள கிளப் அப்படி வாங்கிக்கொள்ளும். சாந்தியாகோவிலோ சாவோ பாவ்லோவிலோ பெயர் தெரியாத பையனைத் தேடிப் பிடித்து வளர்க்கும் கிளப்புக்குத்தான் அடி. உதினேசே அப்படிப் பிழைத்த கிளப். சிலேயிலிருந்து அலெக்சிஸ் சாஞ்செஸை அப்படித்தான் கொண்டுவந்தார்கள். நீங்கள் வெட்டிய அதே 2010-11 சீசனில், அவரையும் கோல் அடிக்கும் டி நத்தாலேவையும் வைத்து சீரி ஆவில் நான்காம் இடம் பிடித்தார்கள்.

அடுத்த முறை இந்த எண்ணிக்கையில் கை வைப்பதற்கு முன்னால் சின்ன கிளப்புகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அந்தக் கூட்டத்தை ரோமில் வைக்க வேண்டாம், உதினேயில் வையுங்கள். ஆஸ்திரிய எல்லை பக்கத்தில்தான் இருக்கிறது.

அன்புடன்,
தொலைவிலிருந்து பார்க்கும் ஒரு ரசிகன்