2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும், இன்று முதல்முறையாக நம் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

வழக்கமாக நம் சைக்கிள் சங்கத்தின் இந்த அறிக்கையில் எத்தனை பயணம் போனோம், எத்தனை பேர் வந்தார்கள் என்றுதான் முதலில் சொல்வேன். அந்தக் கணக்கெல்லாம் பயணப் பதிவேட்டில் இருக்கிறது, மேசையில் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு நான் பேச வேண்டியது சானல்கரையை, அதாவது பாசனக் கால்வாயின் கரைமேல் போகும் வழியைப் பற்றி.

நம் குமரி மாவட்டத்தில், கடலோர முட்டம் கலங்கரை விளக்கத்திலிருந்து மலையடிவாரப் பேச்சிப்பாறை அணைக்கு நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். விடியற்காலையில் வள்ளங்கள் கரைக்கு வருவதைப் பார்த்துவிட்டு, மதியத்துக்குள் மலையடிவாரத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டுவிடலாம். சைக்கிள்காரனுக்கு இதைவிட நல்ல ஊர் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் களியக்காவிளை நெடுஞ்சாலை கிடக்கிறது. பாரம் ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று அரை முழ இடைவெளியில் நம்மைத் தாண்டிப் போகும்போது வருகிற அந்தக் காற்று இழுப்பை இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோரும் அனுபவித்திருக்கிறீர்கள். கடலும் மலையும் பக்கத்தில் இருந்து என்ன, போகிற வழி நமக்கு இல்லையே என்று எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறோம்.

அந்த வழியைக் காட்டியது தண்ணீர்தான். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. அதைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் அணைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அந்த அணையின் தண்ணீரும் பெருஞ்சாணி அணையின் தண்ணீரும் புத்தன் அணையில் சேர்ந்து, அங்கிருந்து சானல்களாகப் பிரிந்து வயலுக்குப் போகின்றன. தோவாளை சானல், அனந்தனாறு சானல் எல்லாம் அப்படி வருபவைதான். எந்த இடத்திலும் தண்ணீரை மேலே தூக்கிவிட ஆள் கிடையாது. மலையிலிருந்து கடல் பக்கம் வரை அது தானாகவே இறங்கி ஓட வேண்டும், அதற்காகக் குன்றைச் சுற்றி, மேட்டை ஒதுக்கி, மிக மிக மெல்லிய சரிவில் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் கரைமேல் போகும் சாலையில் மூச்சு வாங்குகிற ஏற்றமே வருவதில்லை. கியர் இல்லாத சைக்கிளும் அங்கே சுகமாக உருளும். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழையும் நெல்லும் தென்னையும். பேருந்து கிடையாது, ஹாரன் சத்தம் கிடையாது. ஊடே ஊடே கரை ஒடிந்து ஒற்றையடிப் பாதையாகிவிடும் இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனால் போதும்.

சரி, இந்த ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். அனந்தனாறு சானல்கரையில் ஒரு துண்டு, குண்டும் குழியுமாகக் கிடந்தது. சென்ற ஆண்டு பொதுக்குழுவில் நீங்கள் தீர்மானம் போட்டீர்கள், மனுவை நான்தான் எழுதினேன். சாலை போட்டுத் தந்தார்கள். புதுத் தாரின் வாசம் போகும் முன்பே நாம் எல்லோரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் ஓட்டிப் பார்த்தோம். அவ்வளவு சந்தோஷம். மூன்று வாரம் கழிந்தது. நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்கக் குறுக்குவழி கிடைத்துவிட்டதென்று பார லாரிகள் அதில் இறங்கின. அதுவும் விடியற்காலையில், நாம் ஓட்டுகிற அதே நேரத்தில். அந்தக் கரை மண்கரை, அந்தப் பாரத்தைத் தாங்குவதற்குக் கட்டியதல்ல. ஓரம் இடிந்து சானலுக்குள் சரிந்தது. நம் இளம் உறுப்பினர் ஒருவர் லாரிக்கு வழிவிட ஒதுங்கி, சைக்கிளோடு வயலுக்குள் விழுந்தார். சேற்றில் விழுந்ததால் காயமில்லை. மறுபக்கம் விழுந்திருந்தால் நிறைந்து ஓடுகிற தண்ணீர்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சாலையைக் கேட்டோம், யாருக்கான சாலை என்று எழுத மறந்துவிட்டேன். இது என் பிழை, இந்த அவையில் பதிவாகட்டும்.

உடனே செயற்குழு கூடி, கரையின் இரண்டு முனையிலும் குத்துக்கல் நட வேண்டும் என்று முடிவெடுத்தது. அங்கேயும் அவசரப்பட்டுவிட்டோம். வயல்காரர்கள் நம்மிடம் கேட்ட கேள்வி நியாயமானது: டிராக்டர் எப்படிப் போகும்? கதிர் அறுக்கிற இயந்திரம்? வாழைக்குலை ஏற்றுகிற வண்டி? கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரண்டு போகம் அந்தக் கரையை நம்பித்தான் நடக்கிறது. கரை முதலில் அவர்களுக்கு, அப்புறம்தான் நமக்கு. ஆனால் லாரிகள் மேல் அவர்களுக்கும் நம்மைவிடக் கோபம் இருந்தது, கரை உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராதல்லவா. சாயக்கடை, அதாவது டீக்கடைத் திண்ணையில் நான்கு மாலை பேசியதில் ஒரு வழி பிறந்தது. கழற்றி மாட்டுகிற இரும்புச் சங்கிலி. இரவிலிருந்து காலை எட்டு மணி வரை மாட்டியிருக்கும், சாவி சாயக்கடையில் இருக்கும், வயல்வேலைக்கு வேண்டியவர்கள் எந்த நேரத்திலும் எடுத்துக்கொள்ளலாம். ஊர்ப் பெரியவர்கள் வாய்மொழியாகச் சம்மதித்தார்கள். மார்கழியிலிருந்து அந்தத் துண்டில் விடியற்காலையில் லாரி வரவில்லை. எழுத்துபூர்வமான அனுமதிக்கு நாமும் விவசாயிகளும் சேர்ந்து கையெழுத்திட்ட மனு கொடுத்திருக்கிறோம். அது வரும்வரை தொடர்ந்து போய்க் கேட்பேன்.

இதற்கு இத்தனை பாடுபட வேண்டுமா என்று ஓர் உறுப்பினர் கடிதம் எழுதியிருந்தார். அவருக்கு என் பதில் இந்தக் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறது. அரசு கொடுத்த சைக்கிளை வைத்துக்கொண்டு, அதைப் பள்ளிக்கூடம் தாண்டி எங்கும் ஓட்ட அனுமதி கிடைக்காத பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் இந்த ஆண்டு நம்மோடு சேர்ந்தார்கள். மெயின் ரோட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொன்ன அம்மாமார், சானல்கரை என்றதும் சரி என்றார்கள். முதல் நாள் தயங்கித் தயங்கி ஓட்டியவர்கள், தை மாதத்தில் பூதப்பாண்டிப் பக்கம் வரை போய்வந்தார்கள். சங்கிலி மாட்டிய பிறகுதான் அது நடந்தது. கேரியரும் கூடையும் வைத்த அந்தக் கனமான சைக்கிளை ஓட்டிக்கொண்டு, நம்மில் பலருக்கு முன்னால் போனார்கள்.

கடற்கரைப் பயணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேற்குக் கடற்கரைச் சாலையில் சங்குத்துறை, ராஜாக்கமங்கலம் துறை வழியாக முட்டம் வரை மாதம் ஒருமுறை போனோம். ஞாயிறு காலை முதல் பூசைக்கு மக்கள் நடந்து வருகிற நேரம், ஊருக்குள் நுழைந்ததும் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதை எல்லோரும் கடைப்பிடித்தீர்கள், நன்றி. ஆனி, ஆடியில் கடல் சீறும்போது அலை மணலை அள்ளிச் சாலையில் போட்டுவிடுகிறது. அப்படிக் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கி நம் மூத்த உறுப்பினருக்குக் காறை எலும்பு முறிந்தது. இப்போது தேறிவிட்டார், இதோ முன்வரிசையில் இருக்கிறார். இனிமேல் அந்த இரண்டு மாதமும் கடற்கரைப் பயணம் வேண்டாம் என்பது என் பரிந்துரை. சுனாமியின் 20ஆம் ஆண்டு நினைவு நாளில் மணக்குடிக்குப் போனோம். அன்று அலை அடித்துக்கொண்டு போன பாலம் இருந்த இடத்தில் இறங்கி நின்றோம். அந்த ஊரைச் சேர்ந்த நம் உறுப்பினர் அன்று தன் வீட்டில் இழந்தவர்களின் பெயர்களைச் சொன்னார். திரும்பி வரும்போது யாரும் பேசவில்லை.

மலைப் பக்கம் போவதென்றால் எனக்குத் தனிப் பிரியம் என்பது உங்களுக்குத் தெரியும். ஆற்றுக்கு மேலே சானலைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தில் சைக்கிள்களை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, மேலே நடந்து போனோம். 1966இல் கட்டிய பாலம். 28 தூண்கள், உயரம் 115 அடி. கீழே பரளியாறு, காலுக்குப் பக்கத்தில் பட்டணங்கால் சானல் தண்ணீர். சானல் என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வகுப்பறை வேறில்லை. அங்கிருந்து திருவட்டாறு, குலசேகரம் தாண்டிவிட்டால் ரப்பர் தோட்டங்கள். இருட்டு பிரியும் முன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டுக்காரர்கள் மரத்துக்கு மரம் நகர்வார்கள். ஒக்கிப் புயல் 2017இல் சாய்த்துப் போட்ட தோட்டங்களில் வைத்த கன்றுகள் இப்போது வழிக்கு நிழல் தருகின்றன. பேச்சிப்பாறைக்கு அப்பால் காட்டுக்குள் போகலாம் என்று சிலர் ஆசைப்படுகிறீர்கள். வேண்டாம். அது சரணாலயக் காடு, யானை நடமாடும் வழி. சோதனைச் சாவடியோடு நம் பயணம் முடியட்டும்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறவர்களைப் பார்க்கிறேன். விட்டு விட்டுப் பிடியுங்கள். பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சங்கிலிக்கும் பூட்டுக்கும் ஆன செலவைத் தம் கைப்பணத்தில் கொடுத்த இரண்டு விவசாயிகள் பெயர் வேண்டாம் என்றார்கள். அந்தத் தொகையைச் சங்கம் திருப்பித் தர இந்தப் பொதுக்குழு அனுமதிக்க வேண்டுகிறேன்.

பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணை திறப்பார்கள். இந்த முறை திறந்த பிறகு வருகிற முதல் ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் வருகிற திசைக்கு எதிராக, கரையோடு முடிந்தவரை மேலே போகலாம் என்று நினைக்கிறேன். காலை ஐந்து மணிக்கு சாயக்கடை முன்னால் கூடுவோம். சைக்கிளைச் சங்கிலிக்கு அப்பால் தூக்கிவைக்கச் சின்னவர்களுக்குக் கைகொடுக்க இரண்டு பேர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

இவண்,
செயலாளர்