நண்பகலில் திறந்திருக்க வேண்டிய பூங்கா: தோழிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதத்துக்கு இத்தனை நாளாகப் பதில் எழுதாததற்கு நீ சண்டை பிடிப்பாய் என்று தெரியும். தாராளமாகப் பிடி, ஆனால் இதை முழுவதும் படித்த பிறகு பிடி. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. சின்னவன் வேலை கிடைத்துக் கோவைக்குப் போய்விட்டான். விடுதியில் நாம் 'தலைமைப் பொறியாளர்' என்று அழைத்தவள் உண்மையிலேயே அந்தப் பதவிக்கு வந்து, ஓய்வும் பெற்றுவிட்டாள்; உன்னை மிகவும் விசாரித்தாள்.

இனிச் செய்திக்கு வருகிறேன். எங்கள் தெருக்கோடியில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்த நிலத்தைப் பார்த்து, "இங்கே பாம்புப் பண்ணை நடத்துகிறீர்களா?" என்று கேட்டாயே, அது பூங்காவாகப் போகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட இடத்தை மனைப்பிரிவாக்கும்போது, சாலைகளுக்கு விட்டது போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது உனக்குத் தெரிந்த விதிதான். ஓ.எஸ்.ஆர். எனப்படும் அந்தத் திறந்தவெளி ஒதுக்கீட்டில் வந்த எங்கள் நிலம் பத்திரம் எழுதியதோடு மறக்கப்பட்டுக் கிடந்தது. 2022-இல் தமிழ்நாட்டு நகரங்களுக்கு வார்டு குழு, பகுதி சபை (அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம்) விதிகள் வந்த பிறகு இதைக் கேட்பதற்கு எங்களுக்கு ஓர் இடம் கிடைத்தது, கேட்டோம். தெருவில் கட்டடக்கலை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வரைபடம் போடும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது.

முதல் கூட்டம் ஞாயிறு காலை பத்து மணிக்கு, குடியிருப்போர் சங்கத்தின் மாடி அறையில் நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் சொந்த வீடு வைத்திருக்கும், பணி ஓய்வு பெற்ற ஆண்கள். எட்டு வடிவ நடைபாதை வேண்டும், உடற்பயிற்சிக் கருவிகள் வேண்டும், தரை முழுக்க பேவர் பிளாக் பதிக்க வேண்டும், மதிலை ஆள் உயரத்துக்கு எழுப்ப வேண்டும் என்றார்கள். சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உள்ளவர்களுக்கு நடப்பதற்கு இடம் தேவை என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. பக்கத்துப் பகுதிப் பூங்காவைப்போல் காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நான்கு மணிக்குத் திறக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன இடத்தில்தான் என் மனம் நின்றது. காலையிலும் மாலையிலும் நடக்க வருபவர்களுக்கு அந்த நேரக்கணக்கு சரியாகவே பொருந்துகிறது. பத்துக்கும் நான்குக்கும் இடையில் நம் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்ற கேள்வியை அந்த அறையில் எழுப்ப யாரும் இல்லை, ஏனென்றால் அந்த நேரத்துக்கு உரியவர்கள் ஒருவரும் அங்கே வந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு, எதிர்வீட்டு ஆசிரியையும் நானும் அந்த நிலத்தின் ஓரத்தில் வெவ்வேறு நேரங்களில் போய் உட்கார்ந்து, வருபவர்களிடம் பேச்சுக் கொடுக்கத் தொடங்கினோம். மல்லிகா, ஒரு தெருவில் முப்பது ஆண்டுகள் குடியிருந்தாலும் அதன் நண்பகலை நாம் பார்த்திருக்க மாட்டோம். காலை வேலையை முடித்துவிட்டு, மாலை வேலைக்காகக் காத்திருக்கும் வீட்டுவேலைப் பெண்கள் அடுக்ககத்தின் பின்படிக்கட்டில் அமர்ந்து டப்பாவைத் திறக்கிறார்கள். தூய்மைப் பணியாளர்கள் குப்பை வண்டியின் நிழலிலேயே சோறு உண்கிறார்கள். உணவு கொண்டுவந்து கொடுக்கும் இளைஞர்கள் அந்த ஒற்றை வேப்பமரத்தடியில் வண்டிமீதே படுத்திருக்கிறார்கள். "பக்கத்தில் கழிப்பறை இல்லை, அதனால் மதியம்வரை தண்ணீர் குடிப்பதில்லை" என்று ஒரு பெண் எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத குரலில் சொன்னபோது, எனக்கு அடுத்த கேள்வி கேட்க நா எழவில்லை. சித்திரை வெயிலில் சென்னையில் உழைக்கும் ஒரு பெண் அடக்கிக்கொண்டு தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். நாம் எட்டு வடிவப் பாதைக்கு ஓடு தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மாலையில் வேறொரு காட்சி. நிலத்தின் நடுப்பகுதி முழுவதும் பையன்களின் கிரிக்கெட். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் எங்கே என்று தேடினால் மொட்டைமாடியில் இருக்கிறார்கள். வியன்னா நகரத்தில் இதே நிலையை 1990-களில் ஆராய்ந்திருக்கிறார்கள்: ஒன்பது, பத்து வயதைத் தாண்டியதும் பெண் பிள்ளைகள் பூங்காவுக்கு வருவது சட்டென்று குறைந்துவிடுகிறது, ஒரே பெரிய திடலாக இருந்தால் அதைப் பையன்கள் எடுத்துக்கொள்கிறார்கள், பெண்கள் மல்லுக்கட்டாமல் விலகிவிடுகிறார்கள். 1999-இல் அங்கே ஐன்சீட்லர் பூங்காவையும் இன்னொரு பூங்காவையும் மாற்றி அமைத்தார்கள். திடலைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, கைப்பந்துக்கும் இறகுப்பந்துக்கும் இடம் ஒதுக்கி, பாதைகளை அதிகமாக்கி, கூட்டமாக உட்காரும் இடங்களை அமைத்ததும் பெண் பிள்ளைகள் திரும்ப வந்தார்கள். எங்கள் தெருப் பெண்களிடம் ஆசிரியை கேட்டபோது, ஊஞ்சலும் வேண்டாம் சறுக்குமரமும் வேண்டாம், வட்டமாக உட்கார்ந்து பேச ஓர் இடமும், அது சாலையிலிருந்து தெரியும்படியும் இருந்தால் போதும் என்றார்கள். யாரும் பார்க்காத மூலை பாதுகாப்பானதன்று என்பது அவர்களுக்கு நம் பாடப்புத்தகங்களைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அடுத்த தெருவில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் ஓர் இளைஞர் இருக்கிறார். அளவு நாடாவுடன் வந்து என் வரைபடத்தின் வாயிலைத்தான் முதலில் அளந்தார். இருசக்கர வண்டிகளைத் தடுப்பதற்காக வாயிலில் நெருக்கமாக நடும் குட்டைத் தூண்கள், சக்கர நாற்காலியையும் வெளியே நிறுத்திவிடுகின்றன. குறைந்தது 900 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். சாய்தளம் ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீள வேண்டும். "சாய்தளம் கட்டிவிட்டு, அதன் முடிவில் ஒரு படியை வைப்பார்கள், அக்கா" என்றார். மெரினாவில் கடலலையைத் தொடுவதற்காக 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பாதை போட்டு 2022 நவம்பரில் திறந்தபோது தாமும் போய் அலையில் கால் நனைத்ததையும், அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்ததையும், பிறகு அதைச் சீரமைத்ததையும் அவர்தான் சொன்னார். கட்டுவதற்கு ஒதுக்கும் பணத்தோடு, இயற்கை சிதைத்தால் மீண்டும் செப்பனிடும் பணத்தையும் திட்டத்திலேயே எழுதிவைக்க வேண்டும் என்பது அவருடைய கோரிக்கை. எழுதிவிட்டேன்.

இப்போது என்னைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். அந்த நிலம் தாழ்வானது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழையில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது என்பதை நீ மறந்திருக்க மாட்டாய். ஐப்பசி பிறந்தால் அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். சங்கத்தில் சிலர் நான்கு அடிக்கு மண் கொட்டி உயர்த்தி, பேவர் பிளாக் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்கிறார்கள். அப்படிச் செய்தால் அந்தத் தண்ணீர் நேராகப் பின்னால் உள்ள ஓட்டு வீட்டு வரிசைக்குள் போகும். 2015 வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகும், நமக்குப் பூங்கா வேண்டும் என்பதற்காக அடுத்தவர் அடுப்பில் தண்ணீரை விடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கூட்டத்தில் இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. உயர்ந்தது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே நிலத்தை உயர்த்துவதற்குப் பதிலாக, நடுப்பகுதியைக் கிண்ணம்போல் மெல்லச் சரியவிட்டு, மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும்படி வரைந்திருக்கிறேன். மாநகராட்சி சில ஆண்டுகளாகக் கட்டிவரும் பஞ்சுப் பூங்காக்களின் முறைதான். கோடையில் அது விளையாட்டுத் திடல், மழையில் ஏந்தல். பாதைகள் மட்டும் சற்று உயரத்தில், நீர் இறங்கும் தளத்தோடு ஓடும். ஓரங்களில் பூவரசு, புங்கன், நாவல், மகிழம். 2016 வர்தா புயலில் நம் சாலைகளின் மயிற்கொன்றைகள் எப்படிச் சாய்ந்து கிடந்தன என்று பார்த்தோமே, அதனால் மரத்தேர்வில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இதற்கும் எதிர்ப்பு வந்தது, அதுவும் எனக்கு மிகவும் வேண்டிய இடத்திலிருந்து. ஓட்டு வீட்டு வரிசைத் தாய்மார்கள், "தண்ணீர் நின்றால் கொசு வரும், குழந்தை விழுந்தால் யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், மூன்று நாளில் நீர் வடிந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை என்று விளக்கினேன். அப்படி வடியும் என்பதற்கு மண்ணைச் சோதித்துக் காட்டு என்றார்கள். குழி தோண்டி, குடம் குடமாக அவர்களே தண்ணீர் ஊற்றி, இறங்கும் நேரத்தைப் பார்த்தார்கள். மேலே களிமண் படிந்திருந்த ஒரு பக்கத்தில் இறங்கவே இல்லை. அங்கே களிமண்ணை எடுத்துவிட்டு மணலும் சரளையும் நிரப்பி, மிகைநீர் மழைநீர் வடிகாலுக்குப் போக ஒரு குழாயும் சேர்த்தோம். அந்தக் குழாய் போக வேண்டிய இடத்தைக் காட்டியவர், வெள்ளத்தின்போது தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று நினைவில் வைத்திருந்த ஒரு பாட்டி.

வரைபடத்தைத் தாளில் காட்டினால் பாதிப் பேர் தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் கருவேலத்தை வெட்டிய பிறகு, நிலத்தின் மேலேயே சுண்ணாம்புத் தூளால் முழு அளவில் கோடு போட்டோம். அன்று மாலை நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும்! கூட்டத்தில் வாய் திறக்காத பெண்கள் கோட்டின் மேல் நடந்து, "இந்தத் திருப்பம் இருட்டாக இருக்கும், விளக்கு இங்கே" என்று காலால் காட்டினார்கள். இருக்கைக்குக் கைப்பிடி இல்லாவிட்டால் எழுந்திருக்க முடியாது என்று முதியவர்கள் சொன்னார்கள். குழந்தைகள் கோட்டையே அழித்து வேறு இடத்தில் போட்டார்கள். அதில் இரண்டு மாற்றங்கள் என்னுடையதைவிடச் சிறந்தவை. ஆம்ஸ்டர்டாமில் 1947 முதல் கட்டடக்கலைஞர் ஆல்டோ வான் ஐக் காலி மனைகளிலும் தெரு மூலைகளிலும் 700-க்கும் மேற்பட்ட விளையாட்டிடங்களை அமைத்ததைக் கல்லூரியில் படித்தோமே. அவற்றில் பல, அந்தந்தத் தெருவினர் நகராட்சிக்குக் கடிதம் எழுதிக் கேட்டதால் வந்தவை. அந்தப் பாடத்தின் பொருள் எனக்கு இப்போதுதான் முழுவதுமாக விளங்குகிறது.

பெண்கள், சக்கர நாற்காலி, மழைநீர் ஆகிய மூன்றுக்கும் சங்கம் இசைந்துவிட்டது. கழிப்பறையும், நண்பகலில் திறந்துவைப்பதும், வாயிலருகே இளநீர் வண்டிக்கும் பூக்கடைக்கும் இடம் விடுவதும்தான் இன்னும் இழுபறி. வெளியாட்கள் நுழைவார்கள் என்கிறார்கள். நம் வீட்டுப் பாத்திரத்தைத் துலக்குபவரும் நம் குப்பையை அள்ளுபவரும் எப்படி வெளியாட்களாவார்கள் என்று கேட்டேன். சாலையோர வியாபாரிகளுக்கான 2014-ஆம் ஆண்டுச் சட்டம், நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் அவர்களே இருக்க வேண்டும் என்கிறது. எங்கள் சிறு பூங்காவின் பராமரிப்புக் குழுவில் அந்தப் பூக்காரம்மாவுக்கு ஓர் இடம் கேட்பது மிகையாகாது. சங்கத் தலைவர் இப்போது என்னைக் கண்டால் மறுபக்கம் திரும்பிக்கொள்கிறார். ஆனால் அவருடைய மனைவி சுண்ணாம்புக் கோட்டில் நடந்துவிட்டுப் போனவர். கழிப்பறைக்கு ஆதரவாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருப்பவரும் அவரே.

உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. நீ சிங்கப்பூரில் பிஷான்-ஆங் மோ கியோ பூங்காவின் பக்கத்திலேயே இருந்துகொண்டு அங்கே இட்லி மாவு வாங்கும் கடையைப் பற்றி மட்டும் எழுதுகிறாய். 2012-இல் கான்கிரீட் கால்வாயை உடைத்துக் காலாங் ஆற்றை வளைந்து நெளிந்து ஓடவிட்ட இடம் அது. நீர்மட்டம் உயர்ந்தால் விளக்கும் ஒலியும் எச்சரிக்கும் என்று படித்திருக்கிறேன். கரையின் சரிவு எப்படி இருக்கிறது, வேலி இல்லாமல் குழந்தைகளை எப்படிக் காக்கிறார்கள், எச்சரிக்கைப் பலகையில் படம் இருக்கிறதா, தமிழில் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்பு. உங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தைத் திறந்தே விட்டிருக்கிறார்களே, திருமணமும் இழவும் சதுரங்கமும் அங்கே ஒன்றாக நடக்கின்றனவே, அதன் இருக்கைகளின் உயரத்தையும் அளந்து எழுது. பகல் ஒரு மணிக்குப் போய், யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்.

அடுத்த பகுதி சபையில் கழிப்பறையும் திறக்கும் நேரமும் தீர்மானத்துக்கு வருகின்றன. அதற்குள் உன் பதில் வந்தால் படங்களை அங்கே காட்டுவேன். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். குழந்தைகளுக்கு அன்பு.

உன்,
கலா