பெயரை அரம் போட்டு எடுத்த மோதிரம்

தம்பி,

நம் தோட்டத்து அணி கால்பந்தில் ஜெயித்த பழைய கோப்பைக்கு இந்த மாதத்தோடு இருபது வருஷம். பையன்கள் அதே கோப்பையைத் திரும்பக் கொண்டுவந்து மூன்று வாரம் ஆகிறது. அன்றைக்கு நமக்குச் செய்த மாதிரி இவர்களுக்கும் தங்க மோதிரம் செய்து தரச் சொல்லி நீ கேட்டதற்கு இன்றைக்குத்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். செய்து தருகிறேன். ஆனால் 916 தங்கத்தில் இல்லை, 925 வெள்ளியில்.

இதை உன்னிடம் நேரில் சொல்லியிருக்கலாம். மோதிரத்துக்குக் காசு போட்டவர்கள் இங்கே மலேசியாவில் சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன். யார் எவ்வளவு போட்டார்கள், நீ எதற்காக அன்றைக்கு உன் மோதிரத்தை விற்க என் நகைக்கடைக்கு வந்தாய், இரண்டையும் எழுதப் போவதில்லை.

அமெரிக்காக்காரன் கொடுக்கிறான், இந்தியாவும் கொடுத்துவிட்டது, நாம் கொடுத்தால் என்ன என்று கேட்டாய். நியாயமான கேள்வி. நியூயார்க் ஜயன்ட்ஸ் பேஸ்பால் அணி 1922-இல் ஜெயித்தபோது மோதிரம் கொடுத்தார்கள், அதன்பிறகு அங்கே அது வழக்கமாகிவிட்டது. 2024 டி20 உலகக் கோப்பையை ஜெயித்த இந்திய அணிக்கு 2025 பிப்ரவரியில் கிரிக்கெட் வாரியம் வைர மோதிரம் கொடுத்தது. ஆனால் லாரன்ஸ் டெய்லர் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் மோதிரம் 2012-இல் ஏலத்துக்கு வந்தபோது 2,30,000 டாலருக்கு மேல் போனது. அதில் இருந்த தங்கத்துக்கும் கல்லுக்கும் அந்த விலை வராது. பெயருக்குத்தான் அந்த விலை.

நம் மோதிரத்தை விற்கப் போனால் பெயருக்கு ஒரு காசு கிடையாது. தராசில் வைத்தால் தங்கம் மட்டும்தான் நிற்கும். அது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

அன்றைக்கு நீ மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "பேரை எடுத்திருங்கண்ணே" என்றாய். எப்படியும் உருக்கத்தான் போகிறோம், அரம் தேவையே இல்லை. ஆனாலும் நீ கேட்டாய், நான் போட்டேன். புடைப்பு எழுத்து 0.3 மில்லிமீட்டர் உயரம்தான், ஏழெட்டு இழுப்பில் போய்விட்டது. முதலில் தோட்டத்தின் பெயர், அப்புறம் வருஷம், கடைசியில் உன் 5-ஆம் நம்பர். கீழே விரித்திருந்த தாளில் விழுந்த தூளையும் தூரிகையால் கூட்டித் தட்டில் சேர்த்து நிறுத்தேன். நீ தராசைப் பார்க்கவில்லை, தாளையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பழைய தங்கம் விற்க வருகிற எல்லாருக்கும் கழிப்பதுபோல அன்றைக்கு உனக்கும் கழிவு கழித்தேன். கழித்திருக்கக் கூடாது. கடையில் ஆட்கள் நின்றார்கள், ஆளுக்கு ஒரு கணக்கு என்று பேச்சு வந்துவிடும் என்று நினைத்தேன். அது பொய்யில்லை, ஆனால் சரியும் இல்லை. மன்னித்துக்கொள்.

உனக்கும் வாய் இருந்தது. குழுப் பெட்டியில் காசு இருந்தது, கேப்டன் நீ கேட்டால் யார் இல்லையென்று சொல்லியிருப்பார்கள்? அவர்களிடம் கேட்காமல் என் கையில் அரத்தைப் பிடிக்க வைத்தாய். இருபது வருஷத்தில் எனக்கு ஆறாமல் இருப்பது அதுதான்.

மோதிரத்திலும் தவறு இருந்தது, அது என்னுடையது. வளையம் முழுக்க எழுத்து வைத்தேன். எழுத்து ஓடும் வளையத்தை அறுத்துப் பெரிதாக்க முடியாது, எந்த இடத்தில் அறுத்தாலும் ஓர் எழுத்து போய்விடும். எனாமல் போட்டிருந்ததால் பற்றவைக்கும் சூட்டில் அதுவும் வெடிக்கும். செம்பனைக் குலை வெட்டுகிற கை இரண்டு வருஷத்தில் தடிக்கும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். பாதிப் பேர் சுண்டுவிரலுக்கு மாற்றினார்கள், மீதிப் பேர் பெட்டியில் போட்டார்கள்.

இந்த முறை வளையத்தின் பின்பக்கம் மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக இருக்கும், கனம் 1.8 மில்லிமீட்டருக்குக் குறையாது. எழுத்தைப் புடைப்பாக வைக்காமல் உள்ளே இறக்கிச் செதுக்குகிறேன், அரை மில்லிமீட்டர் ஆழம். பழைய ரப்பர் அச்சு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆனால் அதே அச்சில் ஊற்றினால் சரிவராது. 5 கிராம் நின்ற 916 மோதிரம் வெள்ளியில் 3 கிராமுக்கும் கீழே நிற்கும், கையில் வாங்கும் பையனுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். அதனால் புது மாதிரி செய்து 8 கிராமுக்குக் கொண்டுவருகிறேன். அச்சும் வார்ப்பும் சேர்ந்து சுருங்கும், மாதிரியை அதற்குத் தகுந்தபடி கொஞ்சம் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். பெயரும் நம்பரும் வார்த்த பிறகு ஒவ்வொன்றிலும் கையால்.

வெள்ளி கறுக்கும். ரப்பர் பேண்ட் சுற்றி வைத்தால் இன்னும் சீக்கிரம் கறுக்கும், அதில் கந்தகம் இருக்கிறது. துணிப்பையில் வைக்கச் சொல்.

ஆட்டத்தில் யாரும் போடக் கூடாது. பிளாஸ்திரி சுற்றி மறைத்தாலும் விதிப்படி நடுவர் கழற்றத்தான் சொல்வார். 2004-இல் சுவிட்சர்லாந்தில் செர்வெட் அணியின் பவுலோ டியோகோ கோல் விழுந்த சந்தோஷத்தில் வேலியில் ஏறினார். கீழே குதித்தபோது கல்யாண மோதிரம் கம்பியில் மாட்டி விரலையே பிய்த்துக்கொண்டு போனது. நம் பாடாங்கை, ஆடுகிற திடலைச் சுற்றி நம்மிடமும் கம்பிவேலிதான்.

தங்கத்துக்கென்று சேர்ந்த காசைப் பற்றி. இருபது பேருக்கு ஆளுக்கு 5 கிராம் என்றால் 100 கிராம். வெள்ளியும் கூலியும் போக மீதியில் பாதியை ஒவ்வொரு பையனின் சொந்த வங்கிக் கணக்கில் போடுவோம், கையில் கொடுக்க வேண்டாம். மறுபாதி காயத்துக்கு. முழங்கால் ஜவ்வு கிழிந்தவன் அறுவைச் சிகிச்சை முடிந்து மறுபடி ஆடக் குறைந்தது ஒன்பது மாதம், அவ்வளவு நாளும் குலை வெட்ட முடியாது, கூலி வராது. காசோலையில் இரண்டு கையெழுத்து, ஒன்று உன்னுடையது. இன்னொன்று என்னுடையதாக இருக்க வேண்டாம்.

நம் நாடே ஒலிம்பிக் வீரருக்கு மோதிரம் போட்டுவிடவில்லை. தங்கப் பதக்கத்துக்கு 10 லட்சம் ரிங்கிட்டும் மாதம் 5,000-மும், வெள்ளிக்கு மாதம் 3,000, வெண்கலத்துக்கு 2,000 என்று வைத்திருக்கிறது. அந்தத் தங்கப் பதக்கமே உள்ளே வெள்ளிதான், மேலே பூசுவது 6 கிராம் தங்கம். முழுத் தங்கத்தில் கடைசியாகக் கொடுத்தது 1912-இல். வெள்ளி கொடுத்தால் பையன்கள் முகம் வாடும் என்றாயே, அவர்களிடம் இதைச் சொல்.

வெள்ளி மோதிரத்தை எந்த அடகுக் கடைக்காரனும் வேண்டி நிற்க மாட்டான். எனக்கு வேண்டியதும் அதுதான். என்ன கஷ்டம் வந்தாலும் அந்தப் பையன் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வர வேண்டியிருக்காது.

ஞாயிறு சாயங்காலம் எல்லாரையும் கூட்டி வா. ஆட்டம் முடிந்த சூட்டோடு வேண்டாம், விரல் வீங்கியிருக்கும். விடிகாலையும் வேண்டாம். அகலமான வளையத்துக்கு அகலமான அளவு வளையத்தால்தான் எடுக்க வேண்டும், இரவல் வாங்கி வைத்திருக்கிறேன்.

இருபத்தொன்றாவது மோதிரம் உனக்கு, பழைய வருஷம் போட்டு. காசு என்னுடையது, குழுக் கணக்கில் வராது. பழைய நோட்டில் உன் அளவு 19 என்று இருக்கிறது, இப்போது சேராது. இடது கையா வலது கையா என்று முடிவு செய்துகொண்டு வா, இரண்டுக்கும் அளவு ஒன்றாக இருக்காது.

அண்ணன்